பேசட்டும் மூன்றாவது பிள்ளை!

பட்டப்பெயர் இல்லாத பள்ளிக்கூடம் ஒன்று உண்டா? உண்டென்றால் காட்டுங்கள், கைகூப்பி வணங்குகிறோம்! கறுத்திருந்தால் ஒரு பெயர், பருத்திருந்தால் ஒரு பெயர், திக்கித் திக்கிப் பேசினால் ஒரு பெயர், காலைச் சாய்த்து நடந்தால் ஒரு பெயர். பெற்றவர்கள் ஆசையோடு இட்ட பெயர் வருகைப் பதிவேட்டிலே வாழ்கிறது. வகுப்பறையிலே வாழ்வது வம்பர்கள் இட்ட பெயர்.

"விளையாட்டுத்தானே ஐயா! பிள்ளைகள் என்றால் அப்படித்தான். நாங்கள் பார்க்காத கேலியா, வாங்காத அடியா? அதையெல்லாம் தாண்டித்தானே ஆளாகி நிற்கிறோம்" என்று பேசுகிறார்கள் பெரியவர்கள்.

விளையாட்டா? நாம் கேட்கிறோம். விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டும். இன்று துரத்தியவன் நாளை ஓட வேண்டும். இன்று தொட்டவன் நாளை தொடப்பட வேண்டும். அதுதான் விளையாட்டின் நியாயம். நாள் தவறாமல் ஒருவனே ஓடுகிறான், ஊரே துரத்துகிறது. ஒருவனே அழுகிறான், வகுப்பே சிரிக்கிறது என்றால், அதற்குப் பெயர் விளையாட்டல்ல, வேட்டை!

இந்த வேட்டையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். அதிலும், விருதுநகரையும் சாத்தூரையும் சிவகாசியையும் சுற்றியுள்ள கந்தக பூமியை மனத்தில் வைத்துப் பேச விரும்புகிறோம். ஏன் அந்தப் பூமி? அங்கே ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்து வாசலுக்குக் கொண்டுவர நாடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பட்ட பாடு பாழாகக்கூடாது என்ற கவலைதான் நம்மை எழுதத் தூண்டுகிறது.

பிடி அரிசி கட்டிய பள்ளி

வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மண்ணும் பொய்க்கும் கரிசல் காடு. அந்த ஊரிலே ஒவ்வொரு வீட்டிலும் உலையிலே போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைத் திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையின் வரலாறு அது. அந்தப் பள்ளியில் படித்தவர்தான் 1903-ல் அந்த ஊரில் பிறந்த காமராசர்.

காமராசரின் கட்சியை நாம் எதிர்த்து நின்றவர்கள். 1967-ல் அதே விருதுநகரில் நம் கழகத்து மாணவத் தோழர் சீனிவாசன் அவரை வென்றதும் வரலாறு. அதற்காக, குலக்கல்வித் திட்டத்தை 1954-ல் குப்பைக்கூடைக்கு அனுப்பிய கையை மறப்போமா? 1956-ல் எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு பரிமாறிய கையைப் பழிப்போமா? நன்றி மறப்பது நமது பழக்கமல்ல.

பிறகு 1982-ல் சத்துணவு விரிந்தது. 2022 செப்டம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்த நாளன்று, மதுரையிலே காலை உணவுத் திட்டம் பிறந்தது. முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 25-ல், கலைஞர் படித்த திருக்குவளைப் பள்ளியிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது பரவியது.

மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்போன சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று மகுடம் சூட்டினார்கள். அந்த மகுடத்தின் அடியிலே குழந்தைகளின் விரல்கள் இருந்தன. விடியுமுன் எழுப்பி, வண்டியிலே ஏற்றி, தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. கட்டை அடுக்கிய பிஞ்சு விரல்களைப் பற்றிப் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று 1990-ல் ஆவணப்படமே வந்தது. 1986-ல் குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது: ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்தும் முதலாளி, குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் இழப்பீடு கட்ட வேண்டும் என்று. 2016-ல் சட்டம் இன்னும் இறுகியது. வெடிமருந்துத் தொழிலில் 18 வயது நிரம்பாதவர் யாரும் கூடாதென்று ஆயிற்று.

பிடி அரிசியிலிருந்து உச்சநீதிமன்றம் வரை இத்தனை கைகள் சேர்ந்து, இத்தனை ஆண்டுகள் பாடுபட்டு, ஆபீசு வண்டியிலிருந்து இறக்கி, பள்ளிக்கூடத்துப் படியிலே ஏற்றினோமே அந்தப் பிள்ளையை! அந்தப் பிள்ளை படியேறி உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

"மூக்கைப் பிடிங்கடா, மருந்து வருது!"

பட்டாசு ஆபீசுப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே 'மருந்து' என்றால் நோய்க்குக் கொடுப்பதல்ல, வெடிக்குள் திணிப்பது. திரி வெட்டும் தாயின் சேலையிலே, மருந்து செலுத்தும் தந்தையின் சட்டையிலே கந்தக வாடை அடிக்கும். கையிலே அலுமினியப் பொடி மின்னும். அந்த வாடையைப் பிள்ளையின் மேல் ஏற்றிவிட ஒரு குறும்புக்காரன் போதும். வெடியிலே தந்தையைப் பறிகொடுத்த பிள்ளைக்கும், தீயிலே முகம் சுருங்கிய பிள்ளைக்கும் பெயர் வைக்க ஒருவன் போதும். வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவன் பிள்ளை தமிழைத் தடுமாறிப் பேசினால் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்க ஒருவன் போதும்.

ஒரு நாள் சிரிப்பு. இரண்டு நாள் சிரிப்பு. பத்தாம் நாள் அந்தப் பிள்ளைக்கு வயிற்று வலி வருகிறது. பதினைந்தாம் நாள் தலைவலி. அடுத்த மாதம், "நான் பள்ளிக்கூடம் போகலே" என்கிறான். உணவு போட்டோம், உடை கொடுத்தோம், புத்தகம் கொடுத்தோம்; போக மறுக்கிறான்! பள்ளியை விட்டு நின்றவன் எங்கே போவான்? எந்த வண்டியிலிருந்து இறக்கினோமோ, அந்த வண்டிதான் அவனுக்காக ஊர்க்கோடியிலே காத்திருக்கும். ஒரு பட்டப்பெயர், நூறாண்டு உழைப்பைத் தோற்கடித்துவிடும். இதையா விளையாட்டு என்கிறீர்கள்?

நாங்குனேரி சொன்ன பாடம்

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ணுவோர் 2023 ஆகஸ்டு மாதத்தை நினைவுபடுத்திக்கொள்ளட்டும். நாங்குனேரி. பன்னிரண்டாம் வகுப்பு படித்த, தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவன். உடன் படித்தவர்கள் தந்த தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். உண்மையைச் சொன்னான். சொன்ன குற்றத்துக்காக, இரவிலே வீடு புகுந்து அவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் மாணவர்கள்!

நாடு பதறியது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18-ல் குழு அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு மாணவர் மணிக்கட்டில் கூடாது, நெற்றிக் குறி கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் அந்த அறிக்கை கூறிற்று. தேவையான பரிந்துரைகள்.

ஆனால், பதினேழு வயதிலே அரிவாள் எடுத்த கை, ஏழு வயதிலே என்ன செய்துகொண்டிருந்தது? அதைக் கேட்க வேண்டாமா? பக்கத்திலிருப்பவனைப் பெயரிட்டு அழைத்துப் பழகிய நாக்குத்தான் பிறகு சாதி சொல்லி ஏசுகிறது. சாப்பாட்டு வரிசையிலே தள்ளிவிட்டுப் பழகிய கைதான் பிறகு ஆயுதம் தேடுகிறது. மரமான பின் வளைக்கக் குழு அமைக்கிறோம். முளையிலே என்ன செய்தோம்?

முளையிலே நஞ்சூற்றுவோர் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தாழ்த்தப்பட்ட வீட்டுச் சிறு பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குப் பண்டம் கிடையாது என்று சொல்லி, அதைப் படமும் பிடித்துப் பரப்பினார் ஒரு கடைக்காரர். அரசு கைது செய்தது. கடைக்குப் பூட்டுப் போட்டது. 2023 செப்டம்பரில், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட பெண்மணி சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. காமராசர் பகலுணவு தொடங்கிய எட்டயபுரத்துப் பக்கத்திலே! கனிமொழி நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து அந்த உணவை உண்டார். ஐந்து வயதுப் பிள்ளை தானாகவா தட்டைத் தள்ளிவைத்தது? வீடு சொல்லிக் கொடுத்தது; பிள்ளை செய்து காட்டியது.

ஆக, வீடும் வீதியும் கற்றுக்கொடுப்பதை வகுப்பறை திருத்த வேண்டும். எப்படித் திருத்துவது? அதுதான் கேள்வி.

சுவரில் எழுதினால் போதுமா?

"பிறரைக் கேலி செய்யாதே" என்று சுவரில் எழுதுகிறோம். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டே கேலி செய்கிறான்! பிரம்பை எடுக்கலாமா? சட்டம் தடுக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் அடியையும் மனத்தை வதைப்பதையும் விலக்கியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள்; வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதைத்தானே பிரம்பு கற்றுக்கொடுக்கிறது? எதைத் தடுக்கப் புறப்பட்டோமோ அதையே நடத்திக் காட்டுவதா?

கல்லூரிக் கொடுமைக்குச் சட்டம் கண்ட நாடு நமது நாடு. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதும், 1997-ல் பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையைச் சட்டப் புத்தகத்தைக் காட்டித் திருத்த முடியுமா? எட்டு வயதுக்குச் சட்டம் விளங்காது. கதை விளங்கும். நாடகம் விளங்கும்.

இதை நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? மேடையேறிப் பேசியது போலவே நாடகமேறியும் நாட்டைத் திருத்தியது நமது இயக்கம். 1929-ல் செங்கற்பட்டில், சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை ஒட்ட வேண்டாம் என்றது. 1931-ல் அதே சுயமரியாதை மாநாடு விருதுநகரிலே கூடியது. மாநாட்டுத் தீர்மானங்களைப் படித்தவர்கள் ஆயிரம் பேர் என்றால், அண்ணாவின் 'சந்திரோதயம்', 'வேலைக்காரி', 'ஓர் இரவு' நாடகங்களைக் கண்டு நெஞ்சு கலங்கியவர்கள் எத்தனை ஆயிரம்! எழுத்தறியாத பாட்டாளி கூட, கொட்டகையை விட்டு வெளியே வரும்போது, வழக்கமாகக் கும்பிடும் ஆளை ஏன் கும்பிட வேண்டும் என்று யோசித்தபடி வந்தான். அறிவுரை காதோடு நிற்கும். நாடகம் நெஞ்சுக்குள் புகும்.

1990-களில் அறிவொளி இயக்கம் அதைத்தான் செய்தது. தெருமுனையிலே பாட்டும் கூத்துமாய் எழுத்தறிவைக் கொண்டுபோனார்கள். 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் கலைக்குழுக்களைத்தான் ஊர் ஊராய் அனுப்பியது. புதுச்சேரியிலே வேலு சரவணன் குழந்தைகளுக்காகவே 'ஆழி' என்று நாடகக் குழு நடத்தி, பள்ளி பள்ளியாய்ச் சென்று பிள்ளைகளைச் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தார். வழி புதிதல்ல. பயணத்தை வகுப்பறைக்குள் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது பிள்ளை

உலகம் இதில் என்ன கண்டிருக்கிறது? நார்வே நாட்டில் 1982-ன் இறுதியில், உடன் படித்தவர்களின் கொடுமை தாளாமல் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்நாடு விழித்தது. 1983-ல் நாடெங்கும் பள்ளிகளில் இயக்கம் நடத்தியது. டான் ஒல்வேயஸ் என்ற அறிஞர் இதற்கு இலக்கணம் வகுத்தார். வேண்டுமென்றே நோகச் செய்வது; அதைத் திரும்பத் திரும்பச் செய்வது; எதிர்த்து நிற்க முடியாதவன் மேல் செய்வது. இந்த மூன்றும் கூடினால் அது குறும்பல்ல, கொடுமை.

பின்லாந்து நாட்டில் கிறிஸ்தினா சால்மிவல்லி என்ற பேராசிரியை இன்னொன்றைக் கண்டார். வதைப்பவன் ஒருவன், வதைபடுபவன் ஒருவன் என்று இரண்டு பேரோடு இந்தக் கதை முடிவதில்லை. கூடச் சேர்ந்து பிடித்துக்கொடுப்பவன் இருக்கிறான். தூர நின்று சிரித்து ஊக்குவிப்பவன் இருக்கிறான். நமக்கேன் வம்பென்று தலையைக் குனிந்துகொள்பவன் இருக்கிறான். துணைக்கு வருபவனும் எங்கோ ஒருவன் இருக்கிறான். சிரிப்பவர்கள் சிரிப்பை நிறுத்தினால், வதைப்பவனின் கொட்டகை காலி! இந்தக் கருத்தின் மேல் எழுந்த திட்டத்தைத்தான் 2009 முதல் பின்லாந்து நாடெங்கும் பள்ளிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

வதைப்பவன் முதல் பிள்ளை. வதைபடுபவன் இரண்டாவது பிள்ளை. பார்த்துக்கொண்டிருப்பவன் மூன்றாவது பிள்ளை. வகுப்பிலே பெரும்பான்மை இந்த மூன்றாவது பிள்ளைதான். சனநாயக நாட்டிலே பெரும்பான்மை பேசாமலிருந்தால் யார் ஆள்வது? முரடன்தான் ஆள்வான்.

மூன்றாவது பிள்ளை கெட்டவனல்ல. அவனுக்குப் பயம். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாது. பேசிப் பழகாத வாய். அந்த வாய்க்குப் பேச்சுப் பழக்குகிற இடம்தான் நாடகம்.

இப்படி ஒரு நாடகம் போடுங்கள்

பிரேசில் நாட்டு நாடக ஆசிரியர் அகஸ்தோ போவால் 1970-களில் ஒரு புதுமை செய்தார். ஏழையை எத்தன் ஏய்க்கும் காட்சியை நடிப்பார்கள். நடுவிலே நிறுத்துவார்கள். பார்ப்பவர்களிலிருந்து ஒருவர் எழுந்து மேடைக்கு வந்து, "நானாயிருந்தால் இப்படிச் செய்வேன்" என்று நடித்துக் காட்ட வேண்டும். பார்ப்பவன் பார்ப்பவனாகவே இருக்கக்கூடாது, பங்கெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நமது நாட்டிலே, மேற்கு வங்கத்தில் 'ஜன சம்ஸ்கிருதி' என்ற அமைப்பு சிற்றூர்களில் இந்த முறையை வளர்த்தது.

நமது நான்காம் வகுப்புக்கு இதைக் கொண்டுவர என்ன வேண்டும்? திரை வேண்டாம், ஒப்பனை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். பத்து நிமிடம் போதும். காட்சி இது: பகல் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். புதிதாய்ச் சேர்ந்த பையன் வருகிறான்.

"டேய், மூக்கைப் பிடிங்கடா! மருந்து வருது!"

எல்லாரும் மூக்கைப் பிடிக்கிறார்கள். சிரிக்கிறார்கள். அவன் வரிசையின் கடைசிக்குப் போகிறான். ஆசிரியை கை தட்டுகிறார். காட்சி அப்படியே நிற்கிறது.

"இப்ப, பார்த்துக்கிட்டு நிக்கிறவன் இடத்துலே நீ இருந்தா என்ன செய்வே? வா, வந்து செஞ்சு காட்டு."

ஒருவன் பாய்ந்து வருவான். "மூக்கிலேயே குத்துவேன் டீச்சர்!" சரி, குத்துவதாக நடி. அடுத்து என்ன? குத்துப்பட்டவன் நாளைக்கு நாலு பேரைக் கூட்டிவருவான். புதுப் பையனுக்கு அதனால் என்ன நன்மை? பிள்ளைகளே யோசித்து, "இது சரிப்படாது" என்பார்கள்.

இன்னொருத்தி வருவாள். "சார்கிட்டே சொல்வேன்." சொல்லிக் காட்டு. ஒரு பிள்ளை சாராக நடிக்கட்டும். அந்தப் பிள்ளை நிமிர்ந்துகூடப் பாராமல், "போ, போய் இடத்துலே உட்காரு" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஆசிரியத் தோழர்களே, அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள்! அது உங்களைப் பற்றிய சிரிப்பு. முறையிட்ட பிள்ளையை அலட்சியமாய் அனுப்பிவிடும் பழக்கத்தைப் பிள்ளைகள் கண்ணாடிபோல் காட்டிவிடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு பிள்ளை எழுந்து வரும். அதிகம் பேசாத பிள்ளை. மூக்கிலிருந்து கையை எடுக்கும். தட்டை எடுத்துக்கொண்டு கடைசிக்குப் போய், அவன் பக்கத்திலே நிற்கும். "வா, நாம சேர்ந்து சாப்பிடலாம். உன் பேரு என்ன?" என்று கேட்கும். மருந்து என்று அழைத்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி அது. அப்போது முன்வரிசையைப் பாருங்கள். மூக்கைப் பிடித்த கைகள் ஒவ்வொன்றாய் இறங்கும். ஏன் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் அன்றைய பாடம்.

சில எச்சரிக்கைகள் உண்டு. உண்மையிலேயே கேலிக்கு ஆளாகும் பிள்ளையை அந்த வேடத்தில் நிறுத்தக்கூடாது, புண்ணைக் கிளறுவதாகும். வதைப்பவனை வதைப்பவனாகவே நடிக்க விடவும் கூடாது. வேடம் அவனுக்கு விருதாகிவிடும். அவனை வரிசையின் கடைசியிலே நிற்கவையுங்கள். அங்கிருந்து பார்த்தால் உலகம் எப்படி இருக்கிறதென்று அவனுக்கும் தெரியட்டும். வகுப்பிலுள்ள எவர் பெயரும், எவர் சாதியும் நாடகத்தில் வரக்கூடாது. கூச்சப்படும் பிள்ளைக்குக் கையிலே ஒரு பொம்மையைக் கொடுங்கள். தான் பேசத் தயங்குவதைப் பொம்மை பேசும். முடிந்ததும், "ஆளுக்கொரு மன்னிப்புக் கேட்டுக் கையைக் குலுக்குங்கள்" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டாய மன்னிப்பு கதவுக்கு வெளியே போனதும் பழிவாங்கலாக மாறும்.

நாடகம் போட இடமில்லையா? கதை சொல்லுங்கள். கோடையிலே கண்மாய் வற்றுகிறது. ஆட்டுக் கூட்டம் தண்ணீருக்கு முண்டுகிறது. கொம்புள்ளது முந்துகிறது. கால் ஊனமான ஆட்டுக்குக் கடைசியிலே கலங்கல்தான் மிச்சம். தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது இன்னொரு ஆடு. இங்கே கதையை நிறுத்துங்கள். நீதி சொல்லாதீர்கள்! "அந்த இன்னொரு ஆடு என்ன செய்யும்?" என்று கேளுங்கள். மறுநாள் வரை பிள்ளைகள் அதைப் பற்றியே பேசுவார்கள்.

சுண்டல் சொன்ன நியாயம்

காமராசரின் வாழ்க்கையில் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி, விருதுநகர்ப் பிள்ளைகளுக்கே உரிய கதை. பள்ளியிலே பிள்ளையார் சதுர்த்தி. எல்லாப் பிள்ளைகளும் காசு கொடுத்தார்கள். பிரசாதம் கொடுக்கும்போது வலுத்தவர்கள் முண்டியடித்து வாங்கிக்கொண்டார்கள். ஒதுங்கி நின்ற சிறுவன் காமராசருக்குக் கிடைத்தது கொஞ்சம். வீட்டிலே, "ஏன் இவ்வளவுதான்?" என்று கேட்டபோது, "எல்லாரும் ஒரே காசுதானே கொடுத்தோம். எல்லாருக்கும் சமமாய்க் கொடுக்க வேண்டியது பள்ளிக்கூடத்துப் பொறுப்பு" என்ற கருத்துப்படப் பதில் சொன்னாராம். பிள்ளையார் பூசையில் நமக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பதிலில் நம்பிக்கை உண்டு! முண்டியவனை முண்டி வெல்வது வழியல்ல. முறையை மாற்றுவதே வழி என்று ஒரு சிறுவன் சொல்லிவிட்டான்.

2006 முதல், கலைஞர் ஆட்சியில், காமராசர் பிறந்த சூலை 15 கல்வி வளர்ச்சி நாளாயிற்று. அன்று பிள்ளைகளுக்கு மனப்பாடப் பேச்சுக் கொடுத்து ஒப்பிக்க வைக்கிறார்கள். மனப்பாடத்தை விட்டுவிட்டு இந்தச் சுண்டல் நிகழ்ச்சியை நடிக்கவிடுங்கள்! முண்டியடிக்கும் இடத்திலே நிறுத்துங்கள். "இப்போது யார் எழுந்து வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். பெற்றோரையும் முன்வரிசையிலே உட்காரவையுங்கள். அவர்களுக்கும் பாடம் வேண்டும்.

வதைக்கும் பிள்ளையும் நம் பிள்ளையே

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வதைக்கும் பிள்ளை பிறவிக் கொடியவனல்ல. வீட்டிலே அடி வாங்கி, வெளியிலே அடி கொடுப்பவன் இருக்கிறான். குடித்துவிட்டு வரும் தந்தை தாயை அழைக்கும் பெயரைப் பள்ளியிலே சொல்லிப் பார்ப்பவன் இருக்கிறான். அவனுக்கு 'ரவுடி' என்று முத்திரை குத்தினால், நாமும் ஒரு பட்டப்பெயர் வைத்தவர்களாகிறோம். செய்த செயலைக் கண்டியுங்கள், பிள்ளையைக் கைவிடாதீர்கள்.

"பாடம் முடிக்கவே நேரமில்லை, நாடகத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். பயந்த பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறுமா? அடுத்த மணிக்கு என்ன நடக்குமோ என்று நடுங்குகிறவன் கரும்பலகையையா பார்ப்பான்? வாரத்துக்குப் பத்து நிமிடம் கேட்கிறோம். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பறையில் இடம் தந்தது. அதே கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. 2024 நவம்பர் 14-ல் 'மகிழ் முற்றம்' வந்து, பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று கலந்து பிரித்தது. மேடை இருக்கிறது. மேடையில் எதைப் போடுவது என்பதே கேள்வி.

பட்டாசு ஆபீசிலே மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று விதி. இரும்புக் கருவி கூடாது. வாசலில் தண்ணீரும் மணலும் இருக்க வேண்டும். வெடித்த பிறகு அழுவதற்கல்ல, வெடிக்காமல் காப்பதற்கு விதி. விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி காட்டியது. 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உராய்வு ஒன்று போதும் என்பது தொழில் தெரிந்த அந்த ஊருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வகுப்பறையிலும் உராய்வு உண்டு. அங்கே வாசலில் வைக்க வேண்டிய மணல் வாளி, பேசத் தெரிந்த மூன்றாவது பிள்ளை!

எனவே நாம் கேட்பது இவை: கந்தக பூமியின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் வாரம் ஒரு கதை, மாதம் ஒரு நாடகம் நடக்கட்டும். அதை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரட்டும். பிள்ளை எழுதிப் போடும் முறையீட்டுப் பெட்டியைத் திறந்து படிக்கட்டும்; சிலந்தி வலை பின்ன விட வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், 14417 என்ற கல்வி உதவி எண்ணையும் பிள்ளையின் கண்மட்டத்தில் எழுதி வைக்கட்டும். தலைமையாசிரியர் தலைக்கு மேலே அல்ல.

பெற்ற தோழர்களே! இன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும், எத்தனை மதிப்பெண் என்று கேட்குமுன் இன்னொன்று கேளுங்கள்: "இன்னைக்கு யார் தனியா உட்கார்ந்து சாப்பிட்டா?" பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள், நாளையும் கேளுங்கள். ஒரு நாள் உங்கள் பிள்ளை சொல்லும்: "தனியா இல்லே. நான் பக்கத்துலே போய் உட்கார்ந்தேன்."

சுயமரியாதை என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அது அந்தச் சாப்பாட்டு வரிசையிலேதான் முளைக்க வேண்டும். முளைக்கட்டும்! மூன்றாவது பிள்ளை பேசட்டும்!